பேசின் பிரிட்ஜில் வண்டி நிற்கும்போது கீழே ஓடுவது எந்தத் தண்ணீர்?

மொரப்பூர் பயணி

நம்ம பக்கத்திலிருந்து ரயிலில் சென்னை போகிற எல்லாருக்கும் இந்த இடம் தெரியும். பெரம்பூர் தாண்டி, வியாசர்பாடி ஜீவா தாண்டி, வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும். அதற்குள் பாதிப் பெட்டி எழுந்திருக்கும். மாங்காய் மூட்டைக்காரர் மூட்டையை வாசலுக்கு நகர்த்திவிடுவார், குழந்தைகளை எழுப்பிச் செருப்பு மாட்டிவிடுவார்கள். சென்ட்ரல் கூப்பிடு தூரம்தான், ஆனால் சிக்னல் விழாது. கருப்பாகத் தேங்கிக் கிடக்கும் கால்வாயின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். சலித்துக்கொள்வோமே தவிர அது என்ன கால்வாய் என்று யாரும் கேட்பதில்லை.

அது பக்கிங்காம் கால்வாய். சென்னைப் பகுதியில் இருப்பதிலேயே பழைய துண்டு அதுதான். 1801இல் வெட்ட ஆரம்பித்து 1806இல் எண்ணூர் வரை 11 மைல் முடித்தார்கள். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி வெட்டிய தனியார் கால்வாய். படகுக்குச் சுங்கம் வாங்கிச் சம்பாதிக்கும் உரிமையும் அவரிடம் இருந்தது. 1837இல் அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டது. படகுகள் வந்து நின்று சரக்கு இறக்கிய அகன்ற துறைதான் பேசின், பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அதன் பேர்தான். கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்றும் காக்ரேன் பேசின் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது.

வட சென்னையின் மில், உப்பு, ரயில், மின்சாரம் எல்லாமே இந்தப் பாலத்தைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். குறிப்பாக ரயில்வேயில் இருந்தவர்கள்.

பெண்ணையாறு

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இது தர்மபுரி கிருஷ்ணகிரி ஆளுங்க பேசற இடம். சென்னைக் கால்வாய் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில 1957ல காமராசர் தண்ணி திறந்து விட்ட கால்வாயைப் பத்தி யாரு எழுதறாங்க? கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், இன்னிக்கு வரைக்கும் எங்க ஊருக்கு ரயில் கிடையாது. நாங்க ஜோலார்பேட்டை போய்த்தான் ஏறணும். பேசின் பிரிட்ஜ் கதை நமக்கு எதுக்குன்னு புரியல.

பழைய கார்டு

கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது தர்மபுரியில்தான் இருக்கிறேன். இழை தொடங்கிய தம்பிக்கு முதலில் வண்டி ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேசின் பிரிட்ஜில் மூன்று பக்கத்துப் பாதை சேருகிறது: மேற்கே அரக்கோணம், வடக்கே கூடூர், கிழக்கே பீச். எல்லாம் சேர்ந்து ஒரே கழுத்து வழியாக சென்ட்ரலுக்குள் போக வேண்டும். சென்ட்ரலோ முட்டுச் சந்து ஸ்டேஷன், உள்ளே போன வண்டி அந்தப் பக்கம் வெளியேற முடியாது. ஆள் இறங்கியதும் காலிப் பெட்டிகளை இழுத்து வந்து பேசின் பிரிட்ஜ் யார்டில் கழுவி, தண்ணீர் ஏற்றி, பார்த்துச் சரிசெய்து, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். ஆக ஒவ்வொரு வண்டியும் அந்தக் கழுத்தை இரண்டு முறைக்கு மேல் கடக்கிறது. நீங்கள் வாசலில் நின்று சிக்னலைத் திட்டும் நேரத்தில் ஒரு காலி வண்டி உங்களுக்குக் குறுக்கே வெளியே வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது உப்பு. பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் என்று ஒரு பெரிய கூட்ஸ் ஷெட். எங்கள் காலத்தில் அங்கே நாங்கள் பார்த்தது சிமெண்ட், அரிசி, உரம். எனக்கு சீனியராக இருந்தவர்கள் பழைய கதை சொல்வார்கள். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களில் வாரிய உப்பு கால்வாய் வழியே படகில் வந்து இங்கே மலை மலையாகக் குவியும். மேலே கூரை போட்டு, முத்திரை அடித்து, எடை போட்டு, வேகனில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்புவார்கள். 1805இலிருந்தே சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி அரசாங்கத்தின் தனி உரிமை. அவர்களைக் கேட்காமல் காய்ச்சவும் முடியாது, விற்கவும் முடியாது.

பெண்ணையாறு தம்பி, நமக்கு எதுக்கு என்று கேட்டீர்களே. கடல் நம்ம ஊரில் இல்லை. உப்பு எங்கிருந்தோ ஏறித்தான் மேட்டுக்கு வர வேண்டும். மொரப்பூரில் வேகன் நின்றால் உப்பு மூட்டைக்கு மட்டும் தனியாகச் சாக்கு விரித்து இறக்குவார்கள், ஈரம் பட்டால் பக்கத்து மூட்டையும் கெடும் என்று. வண்டிமாடு கட்டி தர்மபுரி சந்தைக்கு ஓட்டியவர்களின் பேரன்கள் இந்த இழையிலேயே இருப்பார்கள்.

பாலக்கோடு சிவில்

கார்டு ஐயா எழுதியதற்கு நன்றி. கால்வாய் எப்படி வேலை செய்தது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஊர்க் கால்வாயை மனதில் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

கே.ஆர்.பி. அணையின் இடது கால்வாயும் வலது கால்வாயும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவு வைத்து வெட்ட வேண்டும், ஓடினால்தான் பயன். பக்கிங்காம் கால்வாய் அப்படியில்லை. அது படகுப் பாதை. கடற்கரைக்கு இணையாக, கிட்டத்தட்ட சமமட்டமாக, கடலின் ஏற்றவற்றத்தை நம்பி நிற்கிற தண்ணீர். ஓடினால்தான் தொல்லை. வழியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என்று ஆறுகள் குறுக்கே வருகின்றன. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கால்வாய்க்குள் மணலை வாரிக் கொட்டும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, கால்வாய் வற்றும். அதனால் ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கட்டினார்கள். இரண்டு ஜோடிக் கதவுகள், நடுவில் படகு நிற்க ஒரு தொட்டி. ஒரு பக்கக் கதவைச் சாத்தி, மறுபக்க மட்டத்துக்குத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகைக் கடத்திவிடுவார்கள்.

படகுக்கு இன்ஜின் கிடையாது. காற்று அடித்தால் பாய், ஆழம் குறைந்தால் கழி. இரண்டும் உதவாத இடத்தில் ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு முன்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டே நடப்பார்கள். இந்த மாதிரிக் கால்வாயில் பாலம் கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. பாய்மரத்தைச் சாய்த்தால் படகு நுழையும் உயரம் வேண்டும். வளைவுக்கு அடியிலேயே தண்ணீரை ஒட்டி இழுப்பவன் நடக்க ஒரு மேடை வேண்டும். அந்த மேடை இல்லாவிட்டால் ஒவ்வொரு பாலத்திலும் கயிற்றை அவிழ்த்து, பாலத்தைக் கடந்து, திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். பழைய கால்வாய்ப் பாலம் எதைப் பார்த்தாலும் முதலில் அடியில் அந்த நடைமேடை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஆந்திராவின் பெத்த கஞ்சாமிலிருந்து நம்ம மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163. ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், உப்பு, நெல், கருவாடு எல்லாம் இதில்தான் வந்தன. சென்னையின் அடுப்பெரிந்தது கணிசமாக இந்தக் கால்வாய் விறகில்.

பெண்ணையாறு

> சென்னையின் அடுப்பெரிந்தது கணிசமாக இந்தக் கால்வாய் விறகில்

சரிங்க, ஒத்துக்கறேன், விஷயம் பெருசுதான். ஆனா ரயில் வந்ததும் கால்வாய் செத்துப்போச்சு, அதுதானே உண்மை? ரயில் 1856ல ராயபுரத்திலிருந்து ஓட ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறமும் கால்வாயில காசைக் கொட்டினது வெள்ளைக்காரன் பண்ண வீண் செலவு.

பழைய கார்டு

இல்லை தம்பி. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி. 1862க்குள் பாதை ஜோலார்பேட்டை, சேலம் வழியாகக் கேரளக் கரையில் உள்ள பேப்பூர் வரை போய்விட்டது. சென்ட்ரல் 1873. இதற்கெல்லாம் பிறகுதான் கால்வாயை நீட்டினார்கள். காரணம், ரயில் மேற்கே போனது, கால்வாய் வடக்கும் தெற்கும் போனது. கடற்கரைச் சரக்கைக் கால்வாய் கொண்டுவந்து கொடுக்கும், ரயில் வாங்கி மேட்டுக்கு ஏற்றும். கை மாறிய இடம்தான் சால்ட் கோட்டர்ஸ். அதனால்தான் ரயில்காரன் தன் யார்டைக் கால்வாய்க் கரையில் வைத்தான்.

நீங்கள் சொல்வது 1899க்குப் பிறகு பொருந்தும். அந்த வருஷம்தான் கூடூர் வழியாக விஜயவாடா பாதை இணைந்தது. கால்வாய்க்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓட ஆரம்பித்ததும் தூரத்துச் சரக்கு ரயிலுக்குப் போய்விட்டது. அப்போதும் விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகை விடவில்லை. மலிவான, கனமான, அவசரமில்லாத சரக்கு எது மலிவோ அதில்தான் போகும். கடைசியாக அதை முறித்தது 1965, 1966 புயல்கள். கரை உடைந்து மணல் மேவியது, பிறகு லாரிக் காலத்தில் யாரும் தூர்வாரிச் சரிசெய்யவில்லை.

ஊத்தங்கரை ஆசிரியை

வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "நமக்கு எதுக்கு" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசின் பிரிட்ஜ் இருக்கும் துண்டு காக்ரேன் வெட்டியது. கூவத்திலிருந்து தெற்கே அடையாறு வரை உள்ள சுமார் 8 கிலோமீட்டர் துண்டு அப்படியல்ல. அது 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டியது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பேரை முழுக் கால்வாய்க்கும் வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பேர் எங்கும் இல்லை.

அப்போது தர்மபுரி என்று மாவட்டம் இல்லை. 1965 வரை நாம் சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல். அந்தப் பழைய சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1871இல் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. பிறந்திருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. மாகாணத்திலேயே மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. நம்ம பக்கத்துக் கிழவிகள் "தாது வருஷம்" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். கேட்டவர்களுக்குத் தெரியும்.

நிவாரண வேலைக்குக் கூலி என்ன தெரியுமா? 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்தார். 450 கிராம் சுமார், அதோடு கொஞ்சம் சில்லறை. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு. மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எழுத்தில் எதிர்த்தார். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அளவு கூடியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். இன்னொன்று. பஞ்சத்தின் சூடு ஆறுவதற்குள்ளேயே, 1878 வாக்கில், சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்கு என்ற அந்தக் கால எடைக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. கார்டு ஐயா சொன்ன அந்த உப்பு மலையின் விலை அது.

சாப்பாடு இல்லாமல் இல்லை. கடல் வழியாக வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் குவிந்து கிடந்தது. ரயிலில் மொரப்பூர், சாமல்பட்டி, திருப்பத்தூர் வரை வந்தது. அதற்கு மேல் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் மாட்டு வண்டிதான். மழையில்லை, புல்லில்லை, மாடுகளே முதலில் செத்தன. ஸ்டேஷனில் மூட்டை, இருபது முப்பது மைல் தள்ளிப் பட்டினி. இதைத்தான் 1880இல் பஞ்சக் கமிஷன் பார்த்தது. பஞ்சம் காக்கும் ரயில் பாதைகள் வேண்டும் என்று எழுதியது. அதன் விளைவாகத்தான் 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் இரண்டரை அடி அகலத்தில் குட்டி ரயில் வந்தது. 1913இல் ஓசூர் வரை நீண்டது.

பெண்ணையாறு தம்பி, உங்கள் ஊருக்கு ரயில் இருந்தது. சென்னையில் அந்தப் பஞ்சம் ஒரு கால்வாயை வெட்டியது, நம்ம ஊரில் ஒரு ரயிலைப் போட்டது.

பெண்ணையாறு

டீச்சர், இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. எங்க பாட்டி சின்னப் பிள்ளையில குட்டி ரயில்ல திருப்பத்தூர் சந்தைக்குப் போனதா சொல்லும். மேடு வந்தா ஆளுங்க இறங்கி கூடவே நடப்பாங்களாம். கதை விடுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த ரயிலை ஏன் எடுத்தாங்க?

பழைய கார்டு

பஸ் வந்தது, வருமானம் விழுந்தது. மொரப்பூர்-தர்மபுரி-ஓசூர் பாதை இரண்டாம் உலகப் போர் நேரத்தில் 1941இல் மூடப்பட்டது. பிறகு சேலம்-பெங்களூரு மீட்டர் கேஜ் பாதை தர்மபுரி வழியாக வந்தது 1960களின் கடைசியில். கிருஷ்ணகிரிக்குத்தான் மறுபடி வரவே இல்லை. மொரப்பூர்-தர்மபுரி புதுப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நட்டார்கள். ஜோலார்பேட்டை-கிருஷ்ணகிரி-ஓசூர் பாதைக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்பதை விடக் கூடாது தம்பி. சலுகை கேட்கவில்லை நாம், இருந்ததைத் திரும்பக் கேட்கிறோம்.

காரிமங்கலம் மருமகள்

வட சென்னையில் பிறந்து காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அப்பா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். பேசின் பிரிட்ஜ் என்றால் எங்களுக்கு மில்லும் பவர் ஹவுஸும்தான், அதைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது.

பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில், கர்னாடிக் மில் இரண்டும் 1870களின் கடைசியிலும் 1880களின் தொடக்கத்திலும் வந்தவை. பக்கிங்காம் மில்லுக்கும் அதே கவர்னர் பேர்தான். 1920இல் இரண்டும் ஒன்றாயின. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன காக்கித் துணிக்கு இந்த மில்தான் பேர் போனது. மில்லை ஒட்டி வரும் ஓட்டேரி நல்லா என்ற ஓடை பேசின் பிரிட்ஜில்தான் பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. காலையில் சங்கு ஊதினால் பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு மூன்றும் எழுந்திருக்கும். எங்கள் வீட்டில் கடிகாரமே அதைக் கேட்டுத்தான் திருப்புவார்கள்.

அப்பா கடைசி வரை நூல் முடிச்சுப் போடுவதை விடவில்லை. பூக்கட்டும்போது நூல் அறுந்தால் எங்கள் கையிலிருந்து பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு முனையையும் குறுக்கே வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு, பல்லால் நுனியைக் கடித்துத் துப்புவார். தடவிப் பார்த்தால் முடிச்சு கைக்குத் தட்டுப்படாது. முடிச்சு தடித்தால் தறியில் மாட்டி மறுபடி அறுக்கும், அறுந்தால் துணியில் தழும்பு விழும், கூலி பிடிப்பார்கள் என்பார்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்கிற சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் ஆட்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27இல் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு எல்லாம் முன்னே நின்றார்கள். 1921இல் பெரிய வேலைநிறுத்தம். அது ஆலைக்கு எதிரான போராட்டமாக ஆரம்பித்து சாதிச் சண்டையாகத் திரும்பி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அப்பா பிறப்பதற்கு முந்தைய கதை அது, ஆனால் அதை வீட்டில் சொல்லும்போதெல்லாம் "கூலிக்காரனைக் கூலிக்காரனோட மோத விட்டாங்கம்மா" என்பார். 1996இல் மில் மூடியாயிற்று. பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் இடத்தில் அதே வருஷம் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் வந்தது.

மொரப்பூர் பயணி

அக்கா, அந்த முடிச்சை உங்களுக்குப் போடத் தெரியுமா? தெரிந்தால் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள். போன தலைமுறையோடு போய்விடக் கூடாது.

டீச்சர் சொன்ன பஞ்சத் துண்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, சிவில் அண்ணா?

பாலக்கோடு சிவில்

பறக்கும் ரயிலில் ஏறிச் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் போங்கள். 1990களில் அதன் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்று ஒரு கணக்கு. 1877இல் கூடை கூடையாக வெட்டியெடுத்த அகலத்தில் பாதியைத் தூண் தின்றுவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வேண்டிய வழியும் அதுதான். எனக்கு இது ஆறாத கோபம். வடிகால் ஒரு நகரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று 2015இல் பார்த்தோம். 2004 சுனாமியின்போது கடற்கரையோரமாகப் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் அலையை வாங்கிக்கொண்டது. 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்ததில் இதுவும் சேர்ந்தது. சென்னைக்குள் படகு போகத் தூணும் சாக்கடையும் இடம் தர வேண்டும்.

கடகத்தூர்

நான் வேலைக்காக மாதாமாதம் சென்னை போகிறேன். இந்த இடங்களைப் பார்க்க வேண்டுமானால் எங்கே இறங்குவது? எக்ஸ்பிரஸ் பேசின் பிரிட்ஜில் நின்றாலும் இறங்கக் கூடாது இல்லையா?

பழைய கார்டு

இறங்கவே கூடாது. சிக்னலுக்கு நிற்கிற வண்டியிலிருந்து தண்டவாளத்தில் குதித்து, பக்கத்து லைனில் வந்த வண்டியில் அடிபட்டவர்களைத் தூக்கியிருக்கிறேன். சென்ட்ரல் போய் இறங்கி, பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் டிக்கெட் வாங்குங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் அடுத்தது பேசின் பிரிட்ஜ், அதற்கடுத்தது கொருக்குப்பேட்டை. கொருக்குப்பேட்டையில் இறங்கினால் காக்ரேன் பேசின் ரோடு பக்கம்தான். காலையில் போங்கள், வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது.

ஊத்தங்கரை ஆசிரியை

போகிறவர்கள் எனக்கும் படம் அனுப்புங்கள். நான் இங்கே திருப்பத்தூர்-கிருஷ்ணகிரி குட்டி ரயில் போன தடத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணையாறு தம்பி, உங்கள் பாட்டி இருந்தால் எந்த இடத்தில் இறங்கி நடந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெண்ணையாறு

பாட்டி இல்லீங்க டீச்சர். அதோட தங்கச்சி பர்கூர்ல இருக்கு, ஞாபகம் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுட்டு எழுதறேன்.